ராஜேந்திர பிளேஸ் மூன்றாம் மாடி ஸ்பானிஷ் வகுப்பு: ஒரு பொறியாளரின் மதிப்புரை

ராஜேந்திர பிளேஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய கட்டடம். கீழே மொபைல் பழுதுபார்க்கும் கடைகள், நடுவில் ஒரு ஆடிட்டர் அலுவலகம், மூன்றாம் மாடியில் இந்த ஸ்பானிஷ் வகுப்பு. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பாராட்டுகிற பகுதி விளம்பரமாகிவிடும், குறை சொல்கிற பகுதி வம்பாகிவிடும். லட்சுமி நகரிலிருந்து ஜனக்புரி வரை தில்லியில் இதே மாதிரி வகுப்புகள் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் பற்றிச் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பி.டெக். பாதியில் இருக்கும்போது ஸ்பானிஷையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காகவும், அதற்குக் கட்டணம் கட்டப்போகிற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

நான் துவாரகாவில் வளர்ந்தவள், படித்தது மெக்கானிக்கல். ஏ1, ஏ2, பி1, பி2 என்று இங்கே நான்கு நிலைகள், ஏ1 தொடக்கம். ஐந்தாவது செமஸ்டர் முடிந்த குளிர்கால விடுமுறையில் ஏ1-இல் சேர்ந்தேன். வேலைக்குப் போன பிறகும் விடாமல் பி2 வரை இங்கேயே படித்தேன். இப்போது மானேசரில், கார்களுக்குத் தகடு அழுத்தித் தரும் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தகட்டை அழுத்தும் எங்கள் பெரிய இயந்திரம், அதாவது பிரஸ், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்தது. இயந்திரக் கருவிகளுக்குப் பேர்போன பகுதி அது. ஆகவே வகுப்பை அளக்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. பிரஸ் நின்றுபோன ராத்திரியில் அந்த ஊர்க்காரரோடு தொலைபேசியில் பேச முடிகிறதா? முடிகிறது. அந்த வகையில் கொடுத்த காசு வீண்போகவில்லை. ஆனால் இவர்கள் பெரிய எழுத்தில் விற்பது ஒன்று, நமக்குப் பயன்பட்டது இன்னொன்று.

விற்பதை முதலில் பார்ப்போம். படியேறியதும் கண்ணில் படுகிற பலகையில் 'எஞ்சினியரிங் + ஸ்பானிஷ்: டபுள் மேஜர்' என்று எழுதியிருக்கிறது. ஒரு மொழி வகுப்பால் இதைத் தர முடியாது. டபுள் மேஜர் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலான ஏற்பாடு. அங்கே ஒரே மாணவர் பொறியியலுக்கு 120 முதல் 130 கிரெடிட் எடுத்துக்கொண்டே, மொழித் துறையில் இன்னும் 30 கிரெடிட்டை ஒட்டி முடித்தால் ஸ்பானிஷும் அவருடைய முதன்மைப் பாடங்களில் ஒன்றாகிறது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் இதை ஒரு தனித் திட்டமாகவே 1987 முதல் நடத்துகிறது. முதலில் ஜெர்மன் மொழியோடு தொடங்கியது. ஸ்பானிஷ் பின்னால் சேர்ந்தது. மொத்தம் ஐந்து ஆண்டுகள். நான்காம் ஆண்டு முழுக்க வெளிநாட்டில்: ஒரு செமஸ்டர் அங்கே படிப்பு, பிறகு ஆறு மாதம் அங்கேயே ஒரு நிறுவனத்தில் பயிற்சி. முடித்தவர் கையில் இரண்டு பட்டங்கள் இருக்கும்.

அங்கேயும் தாமதமாகத் தொடங்குகிறவர் பாடு சிரமம்தான். பொறியியலில் இரண்டு தாள்களை ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுத்துத் தள்ளிவிடலாம். மொழியில் அது நடக்காது. தொடக்க நிலை முடியாமல் இடைநிலை இல்லை, இடைநிலை முடியாமல் இலக்கியத் தாள் இல்லை. தொடக்க நிலைத் தாள்கள் பல கல்லூரிகளில் மேஜர் கணக்கிலேயே சேர்வதில்லை. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் தாளில் கிரிட்டிக்கல் பாத் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: எத்தனை ஆளைப் போட்டாலும் குறையாத நீளம். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் ஐந்தாம் ஆண்டு தானாக வந்துவிடுகிறது.

நம் நிலைமை என்ன? 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதி கொடுத்தது. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் நேரம் ஒன்றோடொன்று மோதக்கூடாது. அல்லது ஒன்று நேரடியாகவும் மற்றொன்று தொலைநிலையாகவோ ஆன்லைனிலோ இருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜே.என்.யு.வின் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பி.ஏ. ஆனர்ஸ் ஸ்பானிஷ், க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டிய பகல்நேர, முழுநேரப் படிப்பு. பி.டெக்.கும் காலையிலிருந்து மாலை வரை, ஆய்வகம் உட்பட. இரண்டும் மோதாத கால அட்டவணையை எவரேனும் போட்டுக் காட்டினால் அவருக்கு நான் மாலை போடுகிறேன். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் பகுதிநேரச் சான்றிதழ், டிப்ளமோ வகுப்புகள் இருக்கின்றன. செலவும் தனியார் வகுப்பைவிடக் குறைவு. ஆனால் அவையும் இரண்டாம் பட்டம் ஆகிவிடுவதில்லை. இந்த மூன்றாம் மாடியில் கிடைப்பது ஒரு மொழி வகுப்பு. நல்ல மொழி வகுப்பு என்றுகூடச் சொல்வேன். மேஜர் என்று நினைத்துக் காசு கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

பலகையின் இரண்டாவது வரி இன்னும் மோசம்: 'ஆறு மாதத்தில் சரளம்.' கணக்குப் போடுவோம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் பள்ளி, ஆங்கிலம் பேசுகிறவர் வேலை பார்க்கும் அளவுக்கு ஸ்பானிஷ் பேச 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வைத்திருக்கிறது. அவர்கள் பட்டியலில் எளிய மொழிகளின் வரிசையில் இருக்கும் ஸ்பானிஷுக்கே இந்தக் கணக்கு, அதுவும் முழுநேரம் உட்கார்ந்து படித்தால். இங்கே சனி, ஞாயிறு தலா மூன்று மணி நேரம். ஆறு மாதத்துக்கு 26 வாரம் என்று தாராளமாக வைத்தாலும் 156 மணி நேரம். 600-ஐ எட்ட 100 வாரம். ஹோலி, தீபாவளி, கல்லூரித் தேர்வு, ஜனவரிப் பனிமூட்டம் எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். இதை முதல் நாளே அப்பாவிடம் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் கணக்குத் துறையில் இருந்தவர். "ஆறு மாதம் என்று சொல்லி வாங்குவதைவிட இரண்டு வருடம் என்று சொல்லி வாங்கினால் நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன்" என்றார். கட்டணம் ஏ1, ஏ2 தலா 14,000 ரூபாய், பி1 18,000, பி2 22,000. தவணையில் கட்டலாம், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

இனி வகுப்புக்குள் போவோம். ஏ1-க்கு வந்த ஆசிரியை இளம்பெண், நல்ல உச்சரிப்பு, பொறுமைசாலி. குறை ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே சொல்லிக்கொடுத்தார். 'மே குஸ்தா எல் கஃபே' என்று பலகையில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் 'ஐ லைக் காஃபி' என்று எழுதினார். உடனே வகுப்பில் பாதிப் பேர் "நான் என்பதற்கு 'யோ' என்றுதானே சொன்னீர்கள், இங்கே ஏன் 'மே'?" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் ஆங்கிலத்தையே வளைத்து, காபிதான் எழுவாய், நான் அதற்குச் செயப்படுபொருள் என்று விளக்க ஆரம்பித்தார். குழப்பம் இரட்டிப்பானது. எனக்கோ 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று அது அப்படியே கேட்டது. பக்கத்தில் இருந்த சஹாரன்பூர்ப் பையனிடம் 'முஜே காஃபி பசந்த் ஹை' என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவன் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தான். அடுத்து 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்', புத்தகங்கள் பன்மையானதால் வினையும் பன்மை. இதில் இந்தி நம்மை முந்திக்கொள்கிறது, ஏனென்றால் இந்தியில் அங்கே வினை மாறும், தமிழில் 'பிடிக்கும்' அசையாது. வகுப்பில் ஒருவர் விடாமல் இந்தி தெரிந்தவர்கள். மூன்று நிமிடப் பாடம், ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் ஒரு மணி நேரத்தைத் தின்றது.

வினைமுற்றிலேயே ஆள் அடங்கியிருப்பதும் அப்படித்தான். 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. ஸ்பானிஷில் அதற்கு 'ஆப்லோ', அதுவும் அதே கதை. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ' போட்டுப் பேசி, கேட்கிறவரைக் களைப்படையச் செய்வார்கள். தமிழருக்கு அந்தப் பிரச்சினை வராது. பதிலுக்கு, மேசை பெண்ணா ஆணா என்ற தொல்லை வரும். தில்லித் தமிழர்களுக்கு அது புதிதல்ல. இந்தியில் ரயிலை ஆணாக்கிச் சிறுவயதிலேயே போதுமான அளவு கேலி வாங்கியிருக்கிறோம்.

பி1 வரை இலக்கணம் பலமாக இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கு வினைத்திரிபு அட்டவணை என்றால் வெல்லக்கட்டி. இவர்களும் அதைத் தெரிந்துகொண்டு அட்டவணையாகக் கொடுக்கிறார்கள். மனப்பாடம் ஆகிவிடும், வாராந்தரத் தேர்வில் மதிப்பெண் வரும், வாய் மட்டும் திறக்காது. இருபது பேர் இருக்கிற அறையில் மூன்று மணி நேரத்தில் ஒருவர் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பேசுவதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அதில் காலை வணக்கப் பூக்கள் வந்தன.

இந்தக் குறை சின்னதல்ல. ஸ்பானிஷைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம், அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் சார்பில் தரும் டெலே சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும். அதற்குக் காலாவதியும் கிடையாது. அந்தத் தேர்வில் படித்தலும் எழுதுதலும் ஒரு தொகுப்பு, கேட்டலும் பேசுதலும் இன்னொரு தொகுப்பு. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வாங்க வேண்டும். அட்டவணை மன்னர்கள் முதல் தொகுப்பில் 50 வாங்கினாலும் இரண்டாவதில் 29 என்றால் தேர்ச்சி இல்லை. சியெலே என்று இன்னொரு தேர்வு உண்டு. கணினியில் எழுதுவது, மொத்தம் 1000 புள்ளி, ஐந்து ஆண்டுதான் செல்லும். வேலைக்கு உடனே காட்ட வேண்டுமென்றால் அதுவும் போதும். இந்த வகுப்பு தானே அச்சடித்துத் தரும் தங்க முத்திரைச் சான்றிதழை எந்த மனிதவளத் துறையும் திரும்பிப் பார்க்காது. சட்டம் போட்டு மாட்ட அழகாக இருக்கும். என் அம்மா மாட்டியிருக்கிறார்.

டெலே எழுத ஹனுமான் ரோட்டில் இருக்கும் செர்வாந்தெஸ் மையத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் மாடிக்காரர்கள் சொல்லாத விஷயம், அங்கே ஒரு நூலகமும் இருக்கிறது என்பது. துவாரகா பக்கம் இருப்பவர்களுக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி சிவாஜி ஸ்டேடியத்தில் இறங்குவது சுலபம். அந்த ரயில்களைச் செய்தது ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனம். பக்கத்தில் பாபா கடக் சிங் மார்க்கில் நம் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. அம்மாவைத் துணைக்கு அழைத்துப் போனால் அவருக்கும் பொழுது போகும்.

இப்போது, பலகையில் இடமே பெறாத அந்த ஒரு நல்ல விஷயம். பி1 முடித்தவர்களுக்கு 'தொழில்நுட்ப ஸ்பானிஷ்' என்று ஒரு தனி வகுப்பு, 9,000 ரூபாய். நடத்துகிறவர் வயதானவர், பார்க்க ஓய்வுபெற்ற தபால்காரர் மாதிரி இருப்பார். வட இந்தியத் தொழிற்சாலைகளில் இயந்திரம் நிறுவ வந்த ஸ்பானியப் பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவரிடம் பாடப்புத்தகம் கிடையாது. எண்ணெய்க் கறை படிந்த பராமரிப்புக் கையேடுகளின் நகல்கள், அலாரம் பட்டியல்கள், ஷிஃப்ட் மாறும்போது எழுதிவைக்கும் குறிப்புகள், இவைதான் பாடம். 'ஹைட்ராலிக் சுற்றில் அழுத்தம் குறைவு' என்ற ஒரே அலாரத்தை எடுத்துக்கொண்டு, அதை மேலாளருக்கு எப்படிச் சொல்வது, ஃபிட்டருக்கு எப்படிச் சொல்வது, விற்ற நிறுவனத்தோடு சண்டை போடும்போது எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதச் சொல்வார். முதலாமவருக்கு 'உஸ்தெத்', இரண்டாமவருக்கு 'தூ'. நீங்கள், நீ என்று வளர்ந்த நமக்குக் கை தானாகப் போகும். ஆனால் கொலம்பியாவில் பல இடங்களில் வீட்டுக்காரர்களையே 'உஸ்தெத்' என்று அழைப்பார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவருடைய தொலைபேசிப் பயிற்சிதான் எல்லாவற்றுக்கும் மேல். வகுப்பை விட்டு எழுந்து படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய்விடுவார். அங்கே கட்டடத்து ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். அங்கிருந்து நம் மொபைலுக்கு அழைத்து, மெக்ஸிகோவில் மோன்டெர்ரேயில் லைன் நின்றுபோய் எரிச்சலில் இருக்கும் போர்மேன் மாதிரிக் கத்துவார். பாதி வார்த்தை கேட்காது. "திரும்பச் சொல்லுங்கள்" என்று இரண்டாவது முறை கேட்டால் வைத்துவிடுவார். எந்த வால்வு, அழுத்தம் எத்தனை 'பார்' அளவு, கடைசியாக எப்போது ஃபில்டர் மாற்றினீர்கள் என்று கேள்வியைச் சின்னதாக உடைத்துக் கேட்க வேண்டும். எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்ற மாணவர்கள் ஸ்பீக்கரில் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். முடிந்ததும் மேலே வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, யார் தவறான வால்வை மூடச் சொன்னார்கள் என்று கணக்கெடுப்பார். மானேசரில் முதல் நிஜ அழைப்பு வந்தபோது மறுமுனையில் இருந்தவர் அவரைவிடச் சாதுவாக இருந்தார்.

வேலைவாய்ப்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'நூறு சதவீதம் வேலை' என்கிறார்கள். என்னோடு பி1 படித்த விருதுநகர் அண்ணா ஒருவர், சிவில் முடித்துவிட்டு குருகிராமில் இருந்தவர், அலுவலகத்தில் நேராகவே கேட்டார். காட்டிய பட்டியல் முழுக்க வாடிக்கையாளர் சேவை. வெளியே வந்து, "தங்கச்சி, சம்பளம் என் சைட் எஞ்சினியர் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது" என்றார். அவர் பயம் நியாயம். ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு அந்த வேலையில் தொடக்கச் சம்பளம் புதுப் பொறியாளரைவிட நன்றாக இருக்கும். இரண்டு வருடம் இரவு ஷிஃப்டில் பணம் திரும்பக் கேட்பவர்களைச் சமாதானப்படுத்திய பிறகு, கான்கிரீட் கலவைக்குத் திரும்புவது கடினம். அப்படிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை யாருக்குத் தெரியும். ஆனால் அதை 'பொறியியலும் ஸ்பானிஷும்' என்று பலகையில் எழுதக்கூடாது.

இரண்டும் சேர்ந்து நிஜமாகவே வேண்டியிருக்கிற இடங்கள் இருக்கின்றன, அவற்றை நாமேதான் தேட வேண்டும். பைக் செய்யும் ஹீரோ நிறுவனம் 2015-இல் கொலம்பியாவின் வில்லா ரிக்காவில் தொழிற்சாலை திறந்தது. ஓசூரில் செய்யும் டி.வி.எஸ். வண்டிகள் லத்தீன் அமெரிக்காவில் ஓடுகின்றன. டி.சி.எஸ். 2002 முதலே உருகுவேயின் மோன்டெவிதெயோவில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் பீங்கான் செய்யும் பாரிவேர் இன்று பார்சிலோனாக்காரர்களான ரோகாவின் கையில். இந்தியா வாங்கும் சி-295 ராணுவ விமானங்கள் 56-இல் 16 ஸ்பெயினின் செவில்லாவிலிருந்து வந்தவை, மீதி 40 வதோதராவில் டாடா செய்பவை. அந்த ஆலையை 2024 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். இந்த இடங்களில் எதுவும் 'ஸ்பானிஷ் தெரிந்தவர் தேவை' என்று முதல் வரியில் போடாது. முதல் வரியில் இருப்பது பொறியியல்தான். அதில் தேறி உள்ளே போன பிறகுதான் மொழி உங்களை மற்றவர்களிடமிருந்து தனித்துக் காட்டும். எட்டாவது செமஸ்டரில் தேர்ச்சி தள்ளாடுகிறவர்கள் முதலில் அதைக் கவனியுங்கள். ஸ்பானிஷ் காத்திருக்கும்.

மற்ற வசதிகளை ஓட்டமாகச் சொல்கிறேன். லிஃப்ட் பெரும்பாலும் ஓடாது. ஏ.சி. ஓடும், ஆனால் புரொஜெக்டரோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் நிற்கும். கழிவறை சுத்தம். மாலை வகுப்பு எட்டு மணிக்கு விடுகிறது. தெருவில் அந்நேரம் கடைகள் திறந்திருக்கும், மெட்ரோவும் அருகில், ஆகவே பெண்பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். பசித்தால் கரோல் பாக் பக்கம் நடந்தால் தோசை கிடைக்கும். சாம்பாரில் சர்க்கரை இருக்கும், அது தில்லி விதி.

சேர்வதாக இருந்தால் மூன்றாம் ஆண்டுக்குப் பின்னால் தள்ளாதீர்கள். ஏ1-க்கு மட்டும் பணம் கட்டுங்கள். நான்கு நிலைக்கும் சேர்த்துக் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். பாதியில் விட்டால் ஒரு பைசா திரும்ப வராது, ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. பி1 முடிகிற சமயத்தில் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தொழில்நுட்ப வகுப்பை இன்னும் அந்தப் பெரியவர்தான் நடத்துகிறாரா என்று. ஆமாம் என்றால் 9,000 ரூபாயை அங்கேயே எண்ணி வையுங்கள். வேறு ஒருவர் ஸ்லைடு போட்டு நடத்துகிறார் என்றால், நன்றி சொல்லிவிட்டு, பி2-ஐ ஹனுமான் ரோட்டு செர்வாந்தெஸ் மையத்தில் படித்துக்கொள்ளுங்கள்.